மெதுவான மாறியைத் தேடி

உயிருள்ள ஒன்றைக் கணிதத்தில் எழுத முற்படும்போது, எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்ற கேள்விக்கு முன்பாகவே, எந்தக் கடிகாரத்தை வைத்து எழுதுவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஒரு புரதத்திலுள்ள அணுப் பிணைப்புகள் ஃபெம்டோ விநாடிக் கணக்கில் அதிர்கின்றன. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோ விநாடி. நரம்புச் செல்லின் அயனி வாயில்கள் மில்லி விநாடிகளில் திறந்து மூடுகின்றன. மரபணுவிலிருந்து புரதம் உருவாகி அழிவதற்கு நிமிடங்கள் முதல் நாட்கள் வரை ஆகலாம். ஒரு தொற்று உடலுக்குள் பத்து ஆண்டுகள் அமைதியாகத் தங்கியிருக்கக்கூடும். இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிகழ்வனவல்ல. ஒரே உடலில், ஒரே கணத்தில், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் தடுத்துக்கொண்டும் நிகழ்பவை.

எல்லாவற்றையும் மிக நுண்ணிய படியிலிருந்து அப்படியே கணித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அணுக்களின் நகர்வை அடியடியாகக் கணிக்கும் மூலக்கூறு இயக்கவியல் கணிப்புகளில், காலத்தில் ஓர் அடி என்பது சுமார் 2 ஃபெம்டோ விநாடி. ஒரே ஒரு மில்லி விநாடியை எட்டுவதற்கு 50,000 கோடி அடிகள் வேண்டும். இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆன்டன் என்ற கணினியைக் கொண்டு ஒரு சிறு புரதத்தின் ஒரு மில்லி விநாடி வாழ்வைக் கணித்த முடிவு 2010இல் வெளியானபோது, அது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. அது சாதனைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு முழுச் செல்லின் ஒரு மணி நேரத்தை இந்த வழியில் எட்ட நினைப்பது வீண்.

ஆகவே எல்லோரும் கையாளும் உத்தி வேறு. மிக வேகமாக மாறுபவை ஏற்கனவே தம் இடத்தில் அமர்ந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு, அவற்றின் வகையீட்டுச் சமன்பாட்டை வெறும் இயற்கணிதச் சமன்பாடாக மாற்றிவிடுகிறோம். மிக மெதுவாக மாறுபவற்றை மாறிலிகளாக வைத்துக்கொள்கிறோம். இடையில் எஞ்சுபவை மட்டுமே உண்மையான மாறிகள். இப்படிச் செய்வது எப்போது சரி என்பதற்கு ரஷ்யக் கணிதவியலர் டிகோனவ் 1952இல் ஒரு தேற்றம் தந்தார். 1979இல் ஃபெனிக்கெல் அதற்கு வடிவியல் பார்வை ஒன்றைக் கொடுத்தார். கணிதம் உறுதியாகவே இருக்கிறது. இந்தத் துறையில் சில காலம் வேலை செய்தபின் எனக்குத் தோன்றுவது வேறொன்று: கடினம் தேற்றத்தில் இல்லை, மெதுவான மாறி எது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. பல நேரங்களில் அது, நாம் பெயர் வைத்துப் பலகையில் எழுதிவைத்த எந்த அளவாகவும் இருப்பதில்லை.

இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டே போதும். நொதி ஒன்று, தான் மாற்றவேண்டிய பொருளான தளப்பொருளைப் பற்றிக்கொண்டு கூட்டாக மாறுகிறது. கூட்டு பிரிந்து பழைய நிலைக்கே திரும்பலாம், அல்லது விளைபொருளைத் தந்துவிட்டு நொதியை விடுவிக்கலாம். 1913இல் மைக்கேலிஸும் மென்டனும், பற்றுவதும் விடுவதும் விரைவில் சமநிலையை எட்டிவிடும் என்று கொண்டு, வினையின் வேகத்தைத் தரும், இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் அந்தச் சமன்பாட்டைப் பெற்றார்கள். 1925இல் பிரிக்ஸும் ஹால்டேனும் அந்த அடிப்படையைத் தளர்த்தினார்கள்: சமநிலை வேண்டியதில்லை, கூட்டின் அளவு ஏறத்தாழ மாறாமல் இருந்தாலே போதும் என்றார்கள். சமன்பாட்டின் வடிவம் மாறவில்லை, அதை நியாயப்படுத்தும் காரணம்தான் மாறியது.

எண்களை இட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். தளப்பொருளின் செறிவு 10 மைக்ரோமோலார், மைக்கேலிஸ் மாறிலியும் (வினை தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் தளப்பொருள் செறிவு) 10 மைக்ரோமோலார், நொதி 0.01 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். நொதி பற்றும் வேகம் மைக்ரோமோலாருக்கு விநாடிக்கு 1, விளைபொருள் வெளிவரும் வேகமும் விநாடிக்கு 1. இப்போது கூட்டு தன் அளவை எட்ட எடுக்கும் காலம், பற்றும் வேகத்தை அந்த இரு செறிவுகளின் கூட்டுத்தொகையால் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழ்: இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 விநாடி. தளப்பொருள் தீர்ந்துபோக எடுக்கும் காலமோ 2,000 விநாடி. இரண்டுக்கும் 40,000 மடங்கு இடைவெளி இருப்பதால், முதல் 0.05 விநாடியை ஒருவர் கண்டுகொள்ளாமல் விட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இனி நொதியின் செறிவை 20 மைக்ரோமோலாராக உயர்த்துவோம். தளப்பொருள் தீரும் காலம் 1 விநாடியாகச் சுருங்குகிறது. 0.05 விநாடிக்கும் 1 விநாடிக்கும் இன்னும் 20 மடங்கு இடைவெளி இருக்கிறது. இடைவெளிதான் முக்கியம் என்றால் தோராயம் ஓரளவாவது தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் அது உடைந்துவிடுகிறது. காரணம், அந்தத் தொடக்கக் கணத்திலேயே தளப்பொருளின் பெரும்பகுதி நொதியோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 'மெதுவாக மாறும்' என்று நாம் நம்பிய கட்டற்ற தளப்பொருளின் செறிவு, உண்மையில் வேகமாகவே விழுந்துவிடுகிறது. லீ செகலும் மார்ஷல் ஸ்லெம்ராடும் 1989இல் இதை ஒழுங்காகப் பிரித்துக் காட்டினார்கள்: நொதியின் செறிவு, தளப்பொருளையும் மைக்கேலிஸ் மாறிலியையும் கூட்டிய தொகையைவிட மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே பழைய சமன்பாடு செல்லும். சோதனைக் குழாயில் இந்த நிபந்தனை எளிதாக நிறைவேறும், ஏனெனில் அங்கே நொதியைச் சொட்டளவில்தான் விடுகிறோம். செல்லுக்குள் அப்படியில்லை. சமிக்ஞைத் தொடர்களில் ஒரு நொதியின் தளப்பொருளே இன்னொரு நொதியாக இருக்கிறது. இரண்டின் அளவும் ஒப்பிடத்தக்கதாக இருப்பது வழக்கம்.

இதிலிருந்து மீளும் வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. 1996இல் போர்கன்ஸ், டி போர், செகல் ஆகியோர், கட்டற்ற தளப்பொருளை விட்டுவிட்டு, கட்டற்றதையும் நொதியோடு ஒட்டியதையும் சேர்த்த மொத்தத்தை மாறியாக எடுத்துக்கொண்டார்கள். பற்றுவதாலும் விடுவதாலும் மொத்தம் மாறாது. விளைபொருள் வெளியேறும்போது மட்டுமே அது குறையும். ஆக உண்மையிலேயே மெதுவாக நகர்வது அந்த மொத்தம்தான். இந்த ஒரு மாற்றத்தால் தோராயம் செல்லும் எல்லை வெகுவாக விரிந்தது. இயற்கை எந்தப் புதிய தகவலையும் தரவில்லை. ஏற்கனவே இருந்த இரண்டு அளவுகளைக் கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறு விலகல். தோராயம் எதுவும் வேண்டாம், கணினியே முழுச் சமன்பாடுகளையும் தீர்க்கட்டும் என்று சொல்பவர்களும் கால அளவுகளிடமிருந்து தப்ப முடியாது. மேலே சொன்ன முதல் எடுத்துக்காட்டில் வேகமான பகுதி விநாடிக்கு 20 என்ற வேகத்தில் அடங்குகிறது. இப்போதைய மாற்ற வேகத்தை வைத்தே அடுத்த அடியைக் கணிக்கும் ஆய்லரின் எளிய முறையில், ஓர் அடியை 0.15 விநாடியாக வைத்தால், ஒவ்வோர் அடியிலும் பிழை, ஒன்றிலிருந்து 20 × 0.15ஐக் கழித்தால் வரும் எண்ணால், அதாவது −2ஆல் பெருக்கப்படுகிறது. வேகமான பகுதி எப்போதோ அடங்கிவிட்டது, வரைபடத்தில் எதுவும் நடக்கவில்லை. இருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை குறி மாறி மாறி இரட்டிப்பாகி, 20 அடிகளில், அதாவது வெறும் 3 விநாடிகளில், பத்து லட்சம் மடங்காகப் பெருகிவிடுகிறது. அடியை 0.1 விநாடிக்குக் கீழே வைத்தாக வேண்டும், 2,000 விநாடிக்கும். இத்தகைய சமன்பாடுகளை 'விறைப்பானவை' என்று கர்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் 1952இல் அழைத்தார்கள். பின்னோக்கிக் கணிக்கும் மறைமுக முறைகள் இவற்றுக்காகவே வளர்ந்தன. இறந்துபோன வேகம்கூடக் கணிப்பின் அடியை ஆள்கிறது என்பதை முதன்முறை பார்க்கும் எவருக்கும் அது சற்று அநியாயமாகவே படும்.

அதே 1952இல்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையைக் கொண்டு நரம்புத் துடிப்பின் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி மாற்றியமைப்பு வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்குப் பொறியிலேயே அவற்றைத் தீர்த்தார். நான்கு மாறிகள்: மின்னழுத்தம், சோடியம் வாயிலைத் திறக்கும் அளவு, அதை அடைக்கும் அளவு, பொட்டாசியம் வாயிலின் அளவு. இவற்றில் சோடியம் வாயிலைத் திறக்கும் அளவு மற்ற இரண்டு வாயில் அளவுகளைவிடப் பல மடங்கு வேகமானது. அதை மின்னழுத்தத்தோடு உடனுக்குடன் நகர்வதாகக் கொள்ளலாம். எஞ்சிய இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்தபடி நகர்வதால், அவற்றை ஒரே மாறியாக்கலாம். இப்படி நான்கு இரண்டாகச் சுருங்கியபோது, தூண்டல் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் துடிப்பு ஏன் எழுகிறது என்பதை ஒரு தாளில் வரைந்தே காட்ட முடிந்தது. 1961இல் ஃபிட்ஸ்ஹியூ கொடுத்த இரு மாறி மாதிரியின் பயன் அந்தப் படம்தான், எண் துல்லியமன்று.

தரவு எந்தக் கடிகாரத்தில் எடுக்கப்படுகிறதோ அந்தக் கடிகாரத்தைப் பற்றி மட்டுமே அது பேசும் என்பதற்கு எச்.ஐ.வி. ஆய்வுகளைப் போல் தெளிவான சான்று வேறில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையில்லாத நிலையிலும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பெரிய அறிகுறிகள் இருப்பதில்லை. அந்தக் காலத்தில் இரத்தத்தில் வைரஸின் அளவும் பெரிதாக மாறுவதில்லை. மாறாத அளவைப் பார்த்தவர்கள், வைரஸ் உறங்குகிறது என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் திறந்த குழாயும் திறந்த வடிகாலும் உள்ள தொட்டியிலும் நீர்மட்டம் அசையாமல்தான் நிற்கும். மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தை அறிய முடியாது. குழாயை மூட வேண்டும்.

மூடுவதற்கான கருவி 1990களின் நடுவில் புதிய மருந்துகளாக வந்தது. 1995இல் டேவிட் ஹோவின் குழுவும் அதே இதழில் இன்னொரு குழுவும், மருந்து கொடுத்தபின் வைரஸின் அளவு சுமார் 2 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைக் காட்டின. அதை வைத்து, நாளொன்றுக்குக் குறைந்தது 68 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன என்று ஹோவின் குழு கணக்கிட்டது. 'குறைந்தது' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வைரஸை உருவாக்கும் தொற்றிய செல்களும் குறைகின்றன, வைரஸும் அழிகிறது. இரண்டில் மெதுவானது எதுவோ அதுவே சரிவின் வேகத்தைத் தீர்மானிக்கும். நாட்கள் இடைவெளியில் இரத்தம் எடுத்தால், வேகமான வைரஸ் மெதுவான செல்களின் பின்னாலேயே நிழல்போல இறங்குவதுதான் தெரியும். வைரஸின் சொந்த ஆயுள் அந்த வரைகோட்டில் எங்கும் இராது.

ஆலன் பெரல்சனும் ஹோவும் பிறரும் 1996இல் ஐந்து நோயாளிகளிடம், மருந்து தொடங்கிய முதல் நாட்களில் மணிக்கணக்கிலான இடைவெளிகளில் இரத்தம் எடுத்தார்கள். வரைகோட்டின் தொடக்கத்தில் ஒரு வளைவு தென்பட்டது, சரிவு உடனே தொடங்காமல் சற்றுத் தோள் போல் நின்று பிறகு இறங்கியது. அந்தத் தோளின் வடிவத்திலிருந்தே இரண்டு வேகங்களையும் பிரித்தெடுத்தார்கள்: வைரஸின் அரை ஆயுள் ஏறத்தாழ 6 மணி நேரம், தொற்றிய செல்லின் அரை ஆயுள் சுமார் 1.6 நாள். அரை ஆயுள் 6 மணி நேரம் என்றால் அழிவு வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3. ஒரு மில்லி லிட்டரில் 2 லட்சம் துகள்கள், அவை பரவியிருக்கும் உடல் திரவம் 15 லிட்டர் என்று கொண்டால், மொத்தம் 300 கோடித் துகள்கள். மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 900 கோடி உருவாகியாக வேண்டும். அவர்கள் வெளியிட்ட சராசரியும் ஏறத்தாழ 1,000 கோடிதான். சுமார் 10,000 எழுத்துகளே கொண்ட மரபுத்தொகுதி, பிழை திருத்தம் இல்லாமல் இந்த அளவில் நகலெடுக்கப்படும்போது, ஒற்றை எழுத்து மாற்றம் ஒவ்வொன்றும் நாள்தோறும் பலமுறை தோன்றிவிடும். ஒரே மருந்தை மட்டும் கொடுப்பது ஏன் தோற்கிறது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் இல்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1997இல் அதே குழு, சரிவில் இரண்டாவதாக ஒரு மெதுவான பகுதியைக் கண்டது, அரை ஆயுள் 1 முதல் 4 வாரங்கள் வரை. அதை நீட்டிப் பார்த்தால், முழுமையாகத் தடுக்கும் சிகிச்சையை 2.3 முதல் 3.1 ஆண்டுகள் தொடர்ந்தால் அந்தச் செல்கள் ஒழிந்துவிடலாம் என்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மெதுவான ஒன்று, ஓய்வு நிலையில் வைரஸைச் சுமந்திருக்கும், நோயெதிர்ப்பு மண்டலத்தின் நினைவுச் செல்களின் தொகுதி, காத்திருந்தது. 1999இல் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 44 மாதங்கள் என்று மதிப்பிடப்பட்டது. இத்தகைய செல்கள் ஒரு லட்சம் இருந்தால், அவை ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 17 முறை பாதியாக வேண்டும்; 44 மாதங்களை 17ஆல் பெருக்கினால் 60 ஆண்டுகளைத் தாண்டுகிறது. இரத்தத்தில் அளக்கவே முடியாத அளவுக்குச் சிறிய அந்தத் தொகுதிதான், நோய் தீருமா என்ற கேள்விக்கான மெதுவான மாறி. மருந்து தொடங்கிய முதல் வாரத்துக்கான கணித மாதிரியில் அது இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த மாதிரியைப் பிழை என்று சொல்ல நான் தயங்குவேன். அதன் சாளரம் ஒரு வாரம். அந்தச் சாளரத்துக்குள் அது சொன்னது சரி.

மெதுவான மாறியை ஊகித்து, படம் சரியாக அமைந்து, ஆனால் ஆள் மாறிப்போன கதையும் உண்டு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் குளுக்கோஸ் இருக்கும்போது வெடிப்புகளாகத் துடிக்கும்: சில நேரம் தொடர் துடிப்புகள், பிறகு மௌனம், மறுபடி துடிப்புகள். ஒரு துடிப்பு மில்லி விநாடிகளில் முடிகிறது, வெடிப்பின் சுற்றோ பல விநாடிகள் முதல் நிமிடங்கள் வரை நீள்கிறது. 1983இல் சேயும் கீசரும், செல்லுக்குள் கால்சியம் மெல்லச் சேர்ந்து துடிப்பை நிறுத்துகிறது, மெல்ல வடிந்து மறுபடி தொடங்க வைக்கிறது என்று மாதிரி அமைத்தார்கள். 1985இல் ரின்செல் கால்சியத்தை உறையவைத்து, அதை ஒரு மாறிலியாகக் கொண்டு வேகமான பகுதியை ஆராய்ந்தார். குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் மௌனமும் துடிப்பும் இரண்டுமே நிலையானவை என்றும், மெதுவான மாறி அந்த வரம்பின் இரு விளிம்புகளுக்கும் இடையில் போய்வருவதே வெடிப்பு என்றும் காட்டினார். பின்னர் ஒளிரும் சாயங்களால் கால்சியத்தை நேரடியாக அளந்தபோது, அது மெல்ல ஏறவில்லை. வெடிப்பு தொடங்கியதும் விரைந்து உயர்ந்து, மட்டமாக நின்று, முடிந்ததும் விழுந்தது. மெதுவானது வேறு எதுவோ: செல்லின் உள் கிடங்கிலுள்ள கால்சியமாகவோ, ஆற்றல் வளர்சிதை மாற்றத்தின் ஏற்ற இறக்கமாகவோ இருக்கலாம் என்று பிந்தைய மாதிரிகள் வந்தன. ஆனால் ரின்செலின் படம் நின்றது. மெதுவான அச்சின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

காட்டிலும் இதே வடிவம் உண்டு. கனடாவின் கிழக்குப் பகுதியில் பால்சம் ஃபிர் மரங்களின் மொட்டுகளைத் தின்னும் புழுவைப் பற்றி லுட்விக், ஜோன்ஸ், ஹாலிங் ஆகியோர் 1978இல் வெளியிட்ட மாதிரியில், புழு ஒரே ஆண்டில் ஐந்து மடங்காகப் பெருகக்கூடியது. மரமோ நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. மரங்கள் மெல்ல வளர, பறவைகளால் தின்று கட்டுப்படுத்தக்கூடிய எல்லையை இலைப்பரப்பு ஒரு நாள் தாண்டுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் காடு மொட்டையாகிறது. பெருக்கம் தொடங்கிய ஆண்டில் காரணத்தைத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது, காரணம் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் வேகத்துக்கும் மெதுவுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. எனக்குத் தலைவலி தருபவை இடைவெளி இல்லாத மாதிரிகள். 2011இல் எலியின் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர அளந்த ஓர் ஆய்வில், மரபணுவின் செய்தியைப் புரத உருவாக்கத்துக்கு எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுள் நடுமதிப்பு 9 மணி நேரம், புரதத்தின் அரை ஆயுள் நடுமதிப்பு 46 மணி நேரம் என்று வந்தது. ஐந்து மடங்குதான். செல் தானே பிரிந்து இரண்டாவதற்கு எடுக்கும் காலமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுகிறது. இங்கே தூது ஆர்.என்.ஏ. 'ஏற்கனவே அமர்ந்துவிட்டது' என்று எழுதுவது பழக்கத்தால் வரும் துணிச்சல்.

அந்தத் துணிச்சலின் விலை எண்களில் சில விழுக்காடு பிசகோடு நிற்பதில்லை, நிகழ்வே காணாமல் போகலாம். புரதம் ஒன்று தன் மரபணுவையே அடக்கும் பின்னூட்டத்தை எடுத்துக்கொள்வோம். தூது ஆர்.என்.ஏ., புரதம், மரபணுவை அடக்கும் இறுதி வடிவம் என்று மூன்று கட்டங்களாக எழுதினால், குட்வினின் மாதிரி கிடைக்கும். அடக்குதல் போதிய அளவு செங்குத்தாக இருந்தால், அதாவது அடக்கும் வடிவம் சற்றே கூடினாலும் மரபணு சட்டென அடங்கினால், அது ஊசலாடும். அந்தச் செங்குத்தின் அளவெண் 8ஐத் தாண்ட வேண்டும் என்று கிரிஃபித் 1968இல் நிறுவினார். மூன்றில் ஒன்றை வேகமானது என்று கருதி நீக்கி இரண்டாக்கினால், செங்குத்தை எவ்வளவு கூட்டினாலும் அது நிலைத்து ஊசலாடாது, ஒவ்வொரு முறையும் அடங்கிவிடும். நீக்கப்பட்ட மாறி தன் அளவால் எதையும் ஆளவில்லை. தான் உண்டாக்கிய தாமதத்தால்தான் ஆண்டது. இத்தகைய மாதிரிகளில் நான் இப்போது எதையும் சுருக்குவதற்கு முன், முழுச் சமன்பாடுகளையும் மறைமுக முறையில் ஒருமுறை தீர்த்து, ஊசலாட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போகிறேன். கணினிக்குக் கூடுதலாக ஆகும் சில நிமிடங்களை நான் பொருட்படுத்துவதில்லை.